கல்லீரல் கேன்சர்ல மைக்ரோ ஆர்என்ஏ ப்ராஜெக்ட்: எதை முதல்ல பண்ணனும், எங்க சறுக்கும்

தண்டையார்பேட்டைல எங்க வீட்டு மொட்டமாடில ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரெண்டு மூணு பசங்க லேப்டாப்போட வந்து உக்காருவாங்க, எம்எஸ்சி ப்ராஜெக்ட், பிஎச்டி முதல் வருஷம்னு. எல்லாரும் கொண்டு வர்றது ஒரே கதைதான். "அக்கா, ஸ்க்ராட்ச் அஸ்ஸே பண்ணிட்டேன், செல் நகரல, அப்போ இந்த மிர் கேன்சர் பரவுறத தடுக்குதுன்னு எழுதிடலாமா?" எழுதலாம், ஆனா வைவால முதல் கேள்விலயே மாட்டிப்ப. (மிர்ன்னா மைக்ரோ ஆர்என்ஏ, ஜீன்ல இருந்து புரோட்டீன் உருவாகுறத அடக்குற குட்டி ஆர்என்ஏ. ஸ்க்ராட்ச் அஸ்ஸேன்னா தட்டுல வளர்ந்த செல் அடுக்க கீறி விட்டு, செல் நகர்ந்து அந்தக் கீறல மூடுதான்னு பார்க்குறது.) வேலை தெரியாம இல்ல, வரிசை மாறிப் போனதுதான் பிரச்சனை. அதனால நான் பண்ணி, கெடுத்து, திருப்பிப் பண்ணின வரிசைய இங்க எழுதி வைக்கிறேன். இது லேப் வேலைக்கான குறிப்பு, வைத்திய ஆலோசனை இல்ல.

1. கேள்விய ஒரே வரில எழுதுங்க

"எச்சிசில மைக்ரோ ஆர்என்ஏவின் பங்கு" அப்படிங்கறது கேள்வியே இல்ல, அது பாடப்புத்தகத்து தலைப்பு. எச்சிசின்னா ஹெபட்டோசெல்லுலர் கார்சினோமா, கல்லீரல் செல்லுலயே தொடங்குற கேன்சர். குடல்ல இருந்து கல்லீரலுக்கு பரவி வந்தது வேற கணக்கு, அந்த சாம்பிள இதுல கலக்கக் கூடாது.

கேள்வி இப்படி இருக்கணும்: "எந்த மிர், கூடுதா குறையுதா, எந்த ஜீனை பிடிக்குது, அதனால செல் வளருதா இல்ல நகருதா." நாலு காலியிடம், நாலையும் நிரப்புங்க. நிரப்ப முடியலன்னா இன்னும் படிக்கணும்னு அர்த்தம், பைப்பெட்ட தொடாதீங்க.

ஆரம்பிக்கறவங்களுக்கு நல்லா வேலை நடந்திருக்குற சிலது சொல்றேன். மிர்-122 கல்லீரலோட சொந்த சரக்கு, நல்ல கல்லீரல்ல இருக்குற மொத்த மைக்ரோ ஆர்என்ஏல சுமார் 70 சதவீதம் இது ஒண்ணுதான், நிறைய எச்சிசில இது இறங்கிடும், இறங்கினா சைக்ளின் ஜி1, ஏடாம்17 மாதிரி ஜீன்களோட கட்டுப்பாடு தளர்ந்துடும். மிர்-21 ஏறும், கட்டிய தடுக்குற பி-டென் ஜீனை அமுக்கும், செல்ல வளரத் தூண்டுற ஏகேடி பாதை ஓட ஆரம்பிக்கும். மிர்-221 ஏறும், செல் பிரியறத நிறுத்துற பி27, பி57 ரெண்டையும் அமுக்கும். மிர்-199ஏ-3பி இறங்கும், வளர்ச்சியத் தூண்டுற எம்டார், சி-மெட் ரெண்டுக்கும் பிரேக் போயிடும். மிர்-200 குடும்பம் செப்1, செப்2 ஜீன்கள அடக்கி வைக்கும், அது குறைஞ்சா செல் ஒட்டிக்கிட்டு இருக்குற குணத்த விட்டுட்டு கழண்டு நகர ஆரம்பிக்கும்.

கவனிச்சீங்களா, ஏறுறதெல்லாம் கேன்சருக்கு உதவி, இறங்குறதெல்லாம் காவல்காரன். ஆனா "மைக்ரோ ஆர்என்ஏ கேன்சர தூண்டும்"னு ஒரே வாக்கியத்துல எழுதிட்டு வர்றவங்க இன்னும் இருக்காங்க.

2. பேரை சரியா எழுதுங்க

சின்ன விஷயம், ஆனா மூணு மாசத்த முழுங்கிடும். இங்கிலீஷ்ல மிர்னு (miR) எழுதும்போது 'ஆர்' சின்ன எழுத்துன்னா அது கொண்டை ஊசி மாதிரி மடிஞ்ச முன்னோடி, பெரிய எழுத்துன்னா டைசர்ங்கற நொதி வெட்டி முடிச்ச, சுமார் 22 எழுத்து (நியூக்ளியோடைட்) நீளமுள்ள முதிர்ந்த மைக்ரோ ஆர்என்ஏ. ஒரு கொண்டை ஊசில இருந்து ரெண்டு கை வரும், 5பி, 3பி. ரெண்டோட சீக்வென்ஸும் வேற, பிடிக்கிற ஜீனும் வேற.

ஒரு தம்பி மிர்-199ஏ-5பிக்கு ப்ரைமர் (பிசிஆர தொடக்கி வைக்கிற குட்டி டிஎன்ஏ) ஆர்டர் பண்ணிட்டு 3பி பேப்பரோட ஒப்பிட்டுப் பார்த்து ரெண்டு மாசம் "ஏன் மேட்ச் ஆகல"ன்னு தலைய பிச்சுக்கிட்டான். மிர்பேஸ்ங்கற மிர் தகவல் தளத்துல போயி சீக்வென்ஸ காப்பி பண்ணி நோட்டு முதல் பக்கத்துல ஒட்டிடுங்க. ஆர்டர் போடும்போது பேர வச்சு போடாதீங்க, சீக்வென்ஸ வச்சு போடுங்க.

3. லேப்புக்கு முன்னாடி இலவச டேட்டா

டிசிஜிஏங்கற பொது கேன்சர் டேட்டா தளத்துல எல்ஐஎச்சின்னு ஒரு தொகுப்பு இருக்கு, சுமார் 370 கல்லீரல் ட்யூமர், கூடவே 50 பக்கத்து நார்மல் திசு. நயா பைசா செலவு இல்ல. உங்க மிர் நிஜமாவே கூடுதா குறையுதான்னு ஒரு ராத்திரில பார்த்துடலாம்.

இங்க ரெண்டு குழி. டவுன்லோட் பண்ணும்போது ரெண்டு வகை ஃபைல் வரும், மிர்என்ஏ குவான்டிஃபிகேஷன், ஐசோஃபார்ம் குவான்டிஃபிகேஷன்னு. முதல் ஃபைல்ல முன்னோடி பேர்லதான் எண்ணிக்கை இருக்கும், 5பி-3பி பிரிச்சு வேணும்னா ஐசோஃபார்ம் ஃபைல்தான். அடுத்தது சாம்பிள் பேரா இருக்குற பார்கோட், அதுல நாலாவது பகுதி 01ன்னு ஆரம்பிச்சா ட்யூமர், 11ன்னா நார்மல். இத பார்க்காம எல்லாத்தையும் ஒரே பக்கெட்ல கொட்டினவங்கள நான் பார்த்திருக்கேன்.

வித்தியாசம் கணக்கு போடுற டெசெக்2 சாஃப்ட்வேர் போடுறதா இருந்தா நார்மலைஸ் பண்ணாத முழு எண்ணிக்கையதான் குடுக்கணும், ஆர்பிஎம் (மில்லியன் ரீடுக்கு எத்தனைங்கற) நம்பர உள்ள தள்ளாதீங்க. அதோட அந்த "நார்மல்" திசு பல நேரம் சிரோசிஸ் வந்த கல்லீரல்தான், சுத்தமான கல்லீரல்னு நினைச்சு வியாக்கியானம் எழுதாதீங்க.

4. செல் லைன் தேர்வு

செல் லைன்னா லேப்ல தொடர்ந்து வளர்க்குற செல். பெரும்பாலான பசங்க பண்றது: லேப் ஃப்ரீசர்ல என்ன இருக்கோ அத எடுக்குறது. தப்பு. மிர் எதுல இருக்கு, எதுல இல்லன்னு பார்த்துட்டு எடுக்கணும்.

மிர்-122வ எடுத்துக்கங்க. ஹூ-7ல இது நிறைய இருக்கு, ஹெப்-ஜி2ல கிட்டத்தட்ட இல்ல. அப்போ ஹெப்-ஜி2க்கு மிமிக் (மிர் மாதிரியே செஞ்ச நகல்) குடுத்து "திருப்பி வச்சா என்ன ஆகுது"ன்னு பாருங்க, ஹூ-7க்கு இன்ஹிபிட்டர் (மிரை வேலை செய்ய விடாம அடைக்கிறது) குடுத்து "எடுத்துட்டா என்ன ஆகுது"ன்னு பாருங்க. ஏற்கனவே நிரம்பி வழியிற ஹூ-7ல மேல மிமிக்க ஊத்திட்டு "ஒண்ணும் மாறல அக்கா"ன்னா, எப்படிடா மாறும்?

இன்னும் மூணு எச்சரிக்கை. ஹெப்-ஜி2 கறாரா சொன்னா எச்சிசியே இல்ல, ஹெபட்டோபிளாஸ்டோமா, அத எழுதும்போது ஒத்துக்கணும். எஸ்கே-ஹெப்-1 நல்லா ஓடும், நகரும், பார்க்க ஆசையா இருக்கும், ஆனா அது ரத்தக்குழாய் உள்சுவர் செல்லுல இருந்து வந்தது. எஸ்எம்எம்சி-7721, பெல்-7402, எல்-02 இதெல்லாம் ஹீலா கலந்து போனதுன்னு நிரூபிச்சாச்சு. அதாவது கர்ப்பப்பை வாய் கேன்சர் செல்ல வச்சுக்கிட்டு கல்லீரல் கதை எழுதுற மாதிரி. பழைய பேப்பர்கள்ல இது நிறைய இருக்கும், பார்த்து எடுங்க. எஸ்டிஆர் சோதனை (டிஎன்ஏ வச்சு செல் எதுன்னு உறுதி பண்றது), மைக்கோபிளாஸ்மா பாக்டீரியா தொற்று சோதனை ரெண்டும் முதல் வாரத்துலயே முடிச்சுடுங்க.

கட்டிய தடுக்குற பி53 ஜீனோட நிலையையும் எழுதி வைங்க: ஹெப்-ஜி2ல சரியா இருக்கு, ஹூ-7ல மியூட்டேஷன், ஹெப்-3பில கிடையவே கிடையாது. ஒரு செல்லுல வர்ற ரிசல்ட் இன்னொண்ணுல வரலன்னா காரணம் பல தடவ இங்கதான் இருக்கும்.

5. திசு சாம்பிள் எடுக்குறதா இருந்தா

எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வந்த தேதிக்கு அப்புறம்தான் முதல் சாம்பிள். "எடுத்து வச்சுக்கலாம், பேப்பர் வந்துடும்"னு சொல்றவங்க பேச்ச கேக்காதீங்க.

திசு வெட்டின நிமிஷத்துல இருந்து அதுக்குள்ள இருக்குற நொதிகளே ஆர்என்ஏவ தின்ன ஆரம்பிச்சுடும். நான் ஒரு தடவ வெறும் ஐஸ்ல வச்சு டூவீலர்ல எடுத்துக்கிட்டு வந்தேன், கொருக்குப்பேட்டை கேட்டு சாத்தி கெடந்துச்சு, கூட்ஸ் வண்டி ஊர்ந்துக்கிட்டே போவுது, ஏப்ரல் வெயில், டப்பாவ திறந்து பார்த்தா ஐஸ் தண்ணியாகி டியூப் எல்லாம் மிதக்குது. காசிமேட்டுல மீன் வாங்குற எங்கம்மாவே அதவிட நல்லா ஐஸ் போட்டு எடுத்துக்கிட்டு வருவாங்க. அன்னிக்கு எட்டு சாம்பிள்ல அஞ்சு போச்சு.

அதுக்கப்புறம் ஆர்என்ஏவ காப்பாத்துற ஆர்என்ஏலேட்டர் திரவம் ஊத்தின டியூப கையோட கொண்டு போறேன். திசுவ அரை சென்டிமீட்டருக்கு மேல தடிமனா போடாதீங்க, மருந்து உள்ள ஊறாது. ஒரு ராத்திரி 4 டிகிரில ஊறட்டும், அப்புறம் ஃப்ரீசர். இல்லன்னா ஆபரேஷன் தியேட்டர் வாசல்லயே திரவ நைட்ரஜன்.

மெழுகுல பதிச்சு வச்ச பாரஃபின் திசு பிளாக் மட்டும்தான் கிடைக்குதுன்னா வருத்தப்படாதீங்க, மைக்ரோ ஆர்என்ஏ குட்டியா இருக்குறதால பிளாக்ல நீளமான எம்ஆர்என்ஏவ விட நல்லா தாக்குப் பிடிக்கும். ஆனா பேத்தாலஜி டாக்டர்கிட்ட ட்யூமர் பகுதிய குறிச்சு வாங்கிட்டுதான் சுரண்டணும். மிர்-21 ட்யூமர சுத்தி இருக்குற நார்திசு செல்லுலயும் நிறைய இருக்கும், அதையும் சேர்த்து சுரண்டிட்டு "ட்யூமர்ல கூடிருக்கு"ன்னு சொன்னா செல்லாது.

6. ஆர்என்ஏ பிரிக்கிறது

இங்கதான் அதிகமா கோட்டை விடுறாங்க, அதனால கொஞ்சம் மெதுவா சொல்றேன்.

சாதாரண ஆர்என்ஏ கிட்டுல காலம் (வடிகட்டி குழாய்) வழியா ஓட்டினா 200 எழுத்துக்கு குறைவானதெல்லாம் பெரும்பாலும் கழுவிட்டுப் போயிடும். உங்களுக்கு வேண்டியதே 22 எழுத்துதான். அதனால மைக்ரோ ஆர்என்ஏக்குன்னு சொன்ன கிட்டு, இல்லன்னா ட்ரைசால்ங்கற பிரிப்பு திரவம்.

ட்ரைசால் 1 மில்லிக்கு குளோரோஃபார்ம் 200 மைக்ரோலிட்டர், 15 விநாடி நல்லா குலுக்கி, ரெண்டு மூணு நிமிஷம் வச்சு, 12,000 ஜில 15 நிமிஷம் சென்ட்ரிஃப்யூஜ், 4 டிகிரில. மூணு அடுக்கு வரும், அடில ரோஸ், நடுவுல வெள்ளை ஏடு, மேல தண்ணி மாதிரி. மேல இருக்குறத முழுசா எடுக்கணும்னு பேராசப்பட்டு ஏட்டை தொட்டீங்கன்னா டிஎன்ஏ கூட வந்துடும். ரெண்டு மில்லிமீட்டர் விட்டுடுங்க, போனா போவுது.

அடுத்து ஐசோப்ரோப்பனால் 500 மைக்ரோலிட்டர், கொஞ்சம் கிளைகோஜன், மைனஸ் 20ல ராத்திரி முழுக்க. சின்ன ஆர்என்ஏ மெதுவாதான் கீழ விழும், பத்து நிமிஷத்துல அவசரப்பட்டா பாதி மேலயே நிக்கும். கழுவறதுக்கு 75 இல்ல, 80 சதவீத எத்தனால், தண்ணி கூடக்கூட குட்டி ஆர்என்ஏ கரைஞ்சு ஓடிடும்.

சென்ட்ரிஃப்யூஜ்ல டியூப வைக்கும்போது மூடியோட கீல் எப்பவும் வெளிப்பக்கம் இருக்குற மாதிரி வைங்க. பெல்லட் (படியுற ஆர்என்ஏ) கீல் பக்கத்து அடில ஒட்டும். அது வெள்ளையா தெரியும்னு எதிர்பார்க்காதீங்க, கண்ணாடில எச்சில் காஞ்ச மாதிரி ஒரு தடம், அவ்வளவுதான். ஒரு பொண்ணு பெல்லட் தெரியலன்னு டியூப தலைகீழா தட்டி தட்டி, கடைசில டிஷ்யூ பேப்பர்ல ஒரு சின்ன ஜெல்லி துளி விழுந்துச்சு, அதுதான் ஆறு நாள் வேலை. கீல் பக்கம் தெரிஞ்சிருந்தா அந்த இடத்த விட்டுட்டு எதிர்ப்பக்கமா பைப்பெட் வச்சு உறிஞ்சிருப்பா.

பெல்லட்ட எலும்பா காய விடாதீங்க, திருப்பி கரையாது. அளக்கும்போது 260/280 (சுத்தத்த காட்டுற ஒளி விகிதம்) சுமார் 2 இருக்கணும். 260/230 ரொம்ப கீழ இருந்தா ட்ரைசால் உப்போ ஃபீனாலோ மிச்சம் இருக்கு, இன்னொரு தடவ எத்தனால் கழுவு. ரின் நம்பர் (ஆர்என்ஏ சிதையாம இருக்குன்னு காட்டுற மார்க்) நல்லா இருக்குன்னு ஆடாதீங்க, அது ரைபோசோம் ஆர்என்ஏவ பத்தி சொல்லுது, உங்க 22 எழுத்த பத்தி ஒண்ணும் சொல்லல.

கெமிக்கல் விஷயம்: பாரிமுனை நைனியப்ப நாயக்கன் தெருவுல கெமிக்கல் சல்லிசா கிடைக்கும், சோப்பு, பினாயில் வேலைக்கு அது சரி, ஆர்என்ஏக்கு மாலிக்யுலர் கிரேடு சீல் உடைக்காத பாட்டில்தான். நம்மூர் புழுக்கத்துல கை வேர்த்துக்கிட்டே இருக்கும், கிளவுஸ அடிக்கடி மாத்துங்க, நெத்திய தொடச்ச கையோட டியூப தொடாதீங்க.

7. பிசிஆர், கணக்கு

22 எழுத்துக்கு சாதாரண ரெண்டு ப்ரைமர் வைக்க இடமே இல்ல. அதனால ஸ்டெம்-லூப் ஆர்டி ப்ரைமர் (ஆர்டின்னா ஆர்என்ஏவ சிடிஎன்ஏங்கற டிஎன்ஏவா மாத்துற படி), இல்லன்னா பாலி-ஏ வால் சேர்க்குற முறை. ஸ்டெம்-லூப்னா ஒவ்வொரு மிர்க்கும் தனி ஆர்டி, ஒப்பிட்டுப் பார்க்குற ஆர்என்ஏவான யு6க்கும் தனி. எம்ஆர்என்ஏக்கு பண்ணின சிடிஎன்ஏலயே மிர்-122 ப்ரைமர போட்டு "சிடி வரல"ன்னு அழுதவங்க நிறைய பேர். (சிடின்னா பிசிஆர்ல சிக்னல் தெரிய எத்தனை சுற்று ஆச்சுங்கறது.) ஆர்டிக்கு 16 டிகிரி 30 நிமிஷம், 42 டிகிரி 30 நிமிஷம், 85 டிகிரி 5 நிமிஷம். முதல் படி ஏன் இவ்வளவு குளிர்ச்சின்னா, ப்ரைமரோட நுனி மிரை பிடிக்கிறது வெறும் ஆறு எழுத்து சொச்சத்துலதான், சூடா இருந்தா பிடி நழுவிடும்.

டெம்ப்ளேட் இல்லாத கிணறு ஒண்ணு, ஆர்டி நொதி போடாத கிணறு ஒண்ணு, ரெண்டும் கட்டாயம். யு6 ஒண்ண மட்டும் நம்பாதீங்க, ட்யூமர்ல அதுவும் ஆடும், ஆர்என்யு48 மாதிரி இன்னொண்ணும் சேர்த்து எது நிலையா இருக்குன்னு உங்க சாம்பிள்லயே பார்த்துக்கங்க.

கணக்குல குறி மாறும். சும்மா ஒரு உதாரணம்: ட்யூமர்ல மிர்-122 சிடி 24, யு6 20, வித்தியாசம் 4. பக்கத்து திசுல 21, 20, வித்தியாசம் 1. நாலுல ஒண்ணு போனா 3. ரெண்டோட மைனஸ் மூணு அடுக்கு, 0.125, அதாவது எட்டுல ஒரு பங்கா குறைஞ்சிருக்கு. மைனஸ் போட மறந்தா எட்டு மடங்கு கூடினதா வரும், கிராஃப் தலைகீழா நிக்கும், அதுக்கு ஒரு கதையும் எழுதிடுவோம். சிடி ஏறினா சரக்கு கம்மி, இத சுவத்துல எழுதி ஒட்டுங்க.

ஒரே சாம்பிள மூணு கிணத்துல போட்டா அது சாம்பிள் எண்ணிக்கை (n) 3 இல்ல, 1தான். வேற வேற நாள்ல வளர்த்த செல், வேற வேற நோயாளி, அதுதான் எண்ணிக்கை.

8. மிமிக், இன்ஹிபிட்டர் உள்ள ஏத்துறது

மிமிக் 20ல இருந்து 50 நானோமோலார், இன்ஹிபிட்டர் 50ல இருந்து 100ன்னு ஆரம்பிங்க. கன்ட்ரோலா கலைச்சு போட்ட சீக்வென்ஸ், அதே அளவு, அதே ரீஏஜென்ட். "ஒண்ணுமே போடாத செல்" கன்ட்ரோல் ஆகாது, ட்ரான்ஸ்ஃபெக்ஷன் மருந்தே செல்ல வாட்டும். மீடியத்துல அன்னிக்கு ஆன்ட்டிபயாட்டிக் வேண்டாம்.

மிமிக் போட்டப்புறம் பிசிஆர்ல ஆயிரம் மடங்கு கூடிடுச்சுன்னு குதிக்காதீங்க. செல்லுக்குள்ள பொட்டலத்துல மாட்டிக்கிட்டு வேலை செய்யாத மிமிக்கையும் பிசிஆர் எண்ணும். வேலை செய்யுதான்னு பார்க்க ஏற்கனவே தெரிஞ்ச டார்கெட் ஒண்ணு இறங்குதான்னு பாருங்க, மிர்-21 இன்ஹிபிட்டர்னா பி-டென் ஏறணும்.

9. வளர்ச்சி முதல்ல, பரவல் அப்புறம்

இந்த வரிசைய மாத்தாதீங்க. மிமிக் போட்டதும் செல் செத்தாலோ பெருகாம நின்னாலோ ஸ்க்ராட்ச் மூடாது. நகராததால மூடலையா, ஆளே இல்லாததால மூடலையான்னு உங்களுக்கே தெரியாது.

அதனால எம்டிடி (உயிரோட இருக்குற செல்ல அளக்குற சோதனை) முதல்ல, 24, 48, 72 மணி நேரம். எந்த நேரம் வரைக்கும் ரெண்டு குரூப்பும் ஒரே எண்ணிக்கைல இருக்குன்னு பாருங்க, அந்த நேரத்துக்குள்ளதான் மைக்ரேஷன் அளக்கணும். சீரம் குறைச்சோ மைட்டோமைசின் சி குடுத்தோ பெருகுறத நிறுத்திட்டு கீறுங்க.

ஹெப்-ஜி2 கொத்து கொத்தா வளரும், கீறினா பாய உரிக்கிற மாதிரி தகடா கழண்டு வரும், அதுக்கு ட்ரான்ஸ்வெல்தான் (ஓட்டை உள்ள சவ்வு வழியா செல் கீழ இறங்குதான்னு பார்க்குறது) நல்லது. 8 மைக்ரான் ஓட்டை, மேல சீரம் இல்லாத மீடியம், கீழ 10 சதவீத சீரம். மேட்ரிஜெல்ங்கற புரோட்டீன் ஜெல் பூசினா இன்வேஷன், பூசலன்னா மைக்ரேஷன், ரெண்டு வார்த்தையையும் மாத்தி மாத்தி போடாதீங்க. கிரிஸ்டல் வயலட் சாயம் போடுறதுக்கு முன்னாடி மேல்பக்கத்து செல்ல காட்டன் பட்ஸால தொடச்சு எடுக்கணும், மறந்தா நகராத செல்லயும் சேர்த்து எண்ணுவீங்க.

10. டார்கெட்ட நிரூபிக்கிறது

மிர் எந்த ஜீனை பிடிக்கும்னு கணிக்கிற டார்கெட்ஸ்கேன் தளத்துல பேர் வந்துச்சுங்கறது சந்தேகப் பட்டியல், தீர்ப்பு இல்ல. மிரோட 2ல இருந்து 8 வரைக்கும் உள்ள எழுத்துதான் சீட், ஜீனை பிடிக்கிற பகுதி. மிர்-122-5பிக்கு அது ஜிஜிஏஜியுஜியு. அப்போ ஜீனோட 3 பிரைம் யுடிஆர்ல (எம்ஆர்என்ஏல புரோட்டீனா மாறாத வால் பகுதி) ஏசிஏசியுசிசின்னு இருக்கணும், அதுக்கு அடுத்து ஒரு ஏ வந்தா பிடி இன்னும் பலம். இத கண்ணால தேடிப் பாருங்க, ஒரு தடவையாவது.

அந்த யுடிஆர, ஒளி குடுக்குற லூசிஃபெரேஸ் ஜீன் இருக்குற பிளாஸ்மிட்ல (வட்ட டிஎன்ஏ) குளோன் பண்ணி, சீட் இடத்த மாத்தின இன்னொண்ணும் பண்ணி, ரெண்டையும் மிமிக்கோட போடணும். நிஜமானது இறங்கணும், மாத்தினது இறங்கக் கூடாது. ரெண்டும் இறங்கினா அது நேரடி பிடி இல்ல. இங்க ஒரு பிரபலமான குளறுபடி: சைசெக்-2 பிளாஸ்மிட்ல யுடிஆர் ரெனில்லா லூசிஃபெரேஸ் பக்கம், ஃபயர்ஃப்ளை லூசிஃபெரேஸ் வெறும் அளவுகோல். பிமிர்குளோ பிளாஸ்மிட்ல அப்படியே உல்டா. வகுக்கும்போது மாத்திப் போட்டா ரிசல்ட் கவிழ்ந்துடும்.

அப்புறம் புரோட்டீன அளக்குற வெஸ்டர்ன் பிளாட், 48லேருந்து 72 மணி நேரத்துல. எம்ஆர்என்ஏ மாறாம புரோட்டீன் மட்டும் குறையலாம், மொழிபெயர்ப்ப மட்டும் நிறுத்துற வேலையும் இதுங்க செய்யும், அதனால பிசிஆர்ல மாறலன்னு டார்கெட்ட தூக்கிப் போட்டுடாதீங்க.

11. ரெஸ்க்யூ

பாதிப் பேர் இத பண்றதில்ல, பேப்பர சரிபார்க்குற ரெஃப்ரி கேக்குறதும் இததான். மிர்-122 மிமிக் போட்டு நகர்றது குறைஞ்சுச்சு, ஏடாம்17 குறைஞ்சுச்சு, சரி, ரெண்டும் ஒண்ணுக்கு ஒண்ணு சம்பந்தமா? மிமிக்கோட சேர்த்து ஏடாம்17-ஐ பிளாஸ்மிட்ல திருப்பிக் குடுங்க, நகர்றது திரும்பி வந்தா சம்பந்தம் இருக்கு. குடுக்குற பிளாஸ்மிட்ல 3 பிரைம் யுடிஆர் இருக்கக் கூடாது, இருந்தா மிமிக் அதையும் அமுக்கிடும், ரெஸ்க்யூ வேலை செய்யலன்னு நீங்க தப்பா முடிவு கட்டுவீங்க.

12. ரத்தத்துல பார்க்கணும்னா

திசுல மிர்-122 குறைஞ்சிருக்கும், அதே ஆள் சீரத்துல கூடியிருக்கலாம். முரண் இல்ல. கல்லீரல் செல் அடிபட்டா உள்ள இருக்குறது வெளிய கசியும், ஹெபடைட்டிஸ் வந்தாலும் ஏறும். அதனால சீரம் மிர்-122 கூடினத கேன்சர் அடையாளம்னு தனியா எழுத முடியாது.

சீரத்துக்குப் பதிலா பிளாஸ்மா எடுக்குறதா இருந்தா ஹெப்பரின் டியூப் வேண்டாம், பிசிஆர கெடுக்கும், ஈடிடிஏ வாங்குங்க. சீரம் லேசா ரோஸா இருந்தாலே சந்தேகப்படுங்க, சிவப்பணு உடைஞ்சா மிர்-451, மிர்-16 ரெண்டும் கொட்டும், அப்போ மிர்-16-ஐ வச்சு நார்மலைஸ் பண்றது நம்மள நாமே ஏமாத்திக்கிறது. மிர்-23ஏ சிடில இருந்து மிர்-451ஏ சிடிய கழிச்சுப் பாருங்க, 7க்கு மேல போச்சுன்னா அந்த சாம்பிள் வேண்டாம். யு6 சீரத்துல ஒத்துவராது, புழுவோட மிர்-39-ஐ அளந்து வெளிய இருந்து சேர்த்துக்கங்க, ட்ரைசால் ஊத்தினதுக்கு அப்புறம்தான் சேர்க்கணும், முன்னாடி சேர்த்தா சீரத்துல இருக்குற நொதி அத தின்னுடும்.

13. எழுதும்போது

எலில வால் நரம்புல செல் ஏத்தி நுரையீரல்ல கட்டி வந்தத "மெட்டாஸ்டாசிஸ்"னு மொட்டையா எழுதாதீங்க, கல்லீரல்ல இருந்து கழண்டு வர்ற பாதிக் கதை அதுல இல்லவே இல்ல.

கடைசி பத்தில "இந்த மிர் நாளைக்கே மருந்தாகும்"னு முடிக்கிற பழக்கத்தயும் விடுங்க. மிர்-34ஏ மிமிக்க எம்ஆர்எக்ஸ்34ங்கற பேர்ல மனுஷங்களுக்கே குடுத்துப் பார்த்தாங்க, அந்த சோதனைல கல்லீரல் கேன்சர்காரங்களும் இருந்தாங்க, நோய் எதிர்ப்பு மண்டலம் சம்பந்தமான கடுமையான பக்கவிளைவு வந்து 2016ல நிறுத்திட்டாங்க. போன வாரம் வந்த தம்பி தீசிஸ்ல அந்த வரிய நான் சிவப்பு மைல அடிச்சேன், "எல்லா பேப்பர்லயும் அப்படித்தான அக்கா முடிக்கிறாங்க"ன்னான். அடிச்ச இடத்துல ரெஸ்க்யூ பண்ணின செல் லைன் பேரும் சாம்பிள் எண்ணிக்கையும் எழுதச் சொல்லி அனுப்பினேன்.